உதடு முந்துகிறதா, குரல் முந்துகிறதா?

"அண்ணே, கேமரா நல்லாத்தான் இருக்கு. ஆனா வாய் ஒரு பக்கம் போகுது, பேச்சு ஒரு பக்கம் போகுது. என்ன பண்றது?"

கோலா கிளாவாங்கில் இருந்துகொண்டு திருமணம், திருவிழாக் காணொலிகளைத் தொகுத்துக் கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். வாரநாளில் சிரம்பானில் வேலை, சனி ஞாயிறில் கையில் கேமரா. பிரச்சினை வந்ததும் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அதுவும் உதவாதபோது குரலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு இடத்திலும் கையால் இழுத்துப் பொருத்துகிறார்கள். இரண்டு நாள் போய்விடும். கடைசி அரைமணி நேரம் அப்போதும் பொருந்தாது.

காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால் டாக்டர் முதலில் என்ன கேட்கிறார்? நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா, மாலையில் ஏறுகிறதா, விட்டு விட்டு வருகிறதா? இங்கேயும் அதே மூன்று கேள்விதான். விலகல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவா? போகப் போக வளர்கிறதா? திடீர் திடீரென்று தாவுகிறதா? மூன்றும் மூன்று வேறு நோய்கள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. வெட்டத் தொடங்கும் முன் காணொலியின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் ஒவ்வோர் இடம் பார்த்து, விலகலைத் தாளில் எழுதுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எழுதும் முன் ஒன்று: புளூடூத் காதணியைக் கழற்றுங்கள். அதில் ஒலி தாமதமாகத்தான் வந்து சேரும். கம்பி போட்ட ஹெட்போனில் கேட்டாலே பாதிப் பேருக்கு நோய் தீர்ந்துவிடுகிறது.

ஒரே அளவு விலகல்

நம் நாட்டுத் தொலைக்காட்சிக் கணக்கில் ஒரு வினாடிக்கு 25 ஃபிரேம். அப்படியென்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி வினாடி. எவ்வளவு விலகினால் மனிதக் கண்ணும் காதும் கண்டுபிடிக்கும்? ஐ.டி.யு. என்ற அனைத்துலகத் தொலைத்தொடர்பு அமைப்பு 1998இல் இதற்கு ஓர் அளவு சொன்னது. குரல் முந்தினால் சுமார் 45 மில்லி வினாடியிலேயே தெரிந்துவிடும். குரல் பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது. அதாவது குரல் ஒரு ஃபிரேம் முந்தினாலே உறுத்தும். மூன்று ஃபிரேம் பிந்தினாலும் பொறுத்துக்கொள்வோம்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மின்னலுக்குப் பிறகுதான் இடி. தூரத்தில் ஒருவர் விறகு வெட்டினால் கோடாரி இறங்கிய பிறகுதான் சத்தம் வரும். சத்தம் முந்தி வருவதை இயற்கையில் நாம் பார்த்ததே இல்லை.

ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒரு ஃபிரேம் நேரத்தில் 14 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோயில் திடலில் மேடையிலிருந்து 40 மீட்டர் தள்ளிக் கேமராவை நிறுத்தி, அதன் சொந்த மைக்கில் பதிவு செய்தால் குரல் மூன்று ஃபிரேம் பிந்திவிடும். இதற்கு மருந்து எளிது: ஒலி முழுவதையும் மூன்று ஃபிரேம் முன்னால் நகர்த்துங்கள். தொடக்கத்தில் சரியானால் கடைசியிலும் சரியாகத்தான் இருக்கும்.

எந்த இடத்தை வைத்துப் பொருத்துவது? சினிமாவில் கிளாப் பலகை அடிக்கிறார்கள். நம் விழாக்களில் அதைவிட நல்ல கிளாப் இருக்கிறது. தேங்காய் தரையில் உடையும் கணம், கோயில் மணியில் நாக்கு படும் கணம், தவில்காரரின் குச்சி இறங்கும் கணம். மூன்றும் கண்ணுக்கும் தெரியும், ஒலி வரைபடத்திலும் ஊசி போல நிற்கும். கெட்டிமேளம் மட்டும் வேண்டாம். ஒரே நேரத்தில் எல்லாம் சேர்ந்து முழங்குவதால் எந்த அடி எது என்று தெரியாது.

வளரும் விலகல்

தொடக்கத்தில் சரியாக இருந்து, ஒரு மணி நேரத்தில் கால் வினாடி விலகுகிறதா? இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

கேமராவுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. தனி ஒலிப்பதிவுக் கருவிக்குள் இன்னொன்று. இரண்டும் வினாடிக்கு 48,000 மாதிரி என்றுதான் சொல்லும். ஆனால் பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி வினாடி ஆகிவிடும். கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம். மூன்று மணி நேரத் திருவிழாவில் ஐந்து ஃபிரேமுக்கு மேல். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். விலை குறைந்த கருவிகளில் இது சாதாரணம்.

இவ்வளவு சிறிய வித்தியாசத்தை வேகத்தை மாற்றிச் சரிசெய்வது கடினம். பல மென்பொருள்களில் வேக விழுக்காட்டை அவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பிட முடியாது. நான் செய்வது இதுதான்: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, யாரும் பேசாத ஓர் இடம் பார்த்து ஒலியை வெட்டி, அடுத்த தவில் அடியோடு மறுபடி பொருத்துவேன். அரை ஃபிரேம், ஒரு ஃபிரேம் நகர்வு யாருக்கும் கேட்காது.

விலகல் இதைவிடப் பெரிதாக இருந்தால் எண்களைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சரியாக 3.6 வினாடியா? அப்படியானால் 29.97 ஃபிரேமில் எடுத்ததை யாரோ 30 என்று மாற்றிக் குறித்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் 1953இல் வண்ணத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்தபோது, வண்ணச் சமிக்ஞை ஒலிச் சமிக்ஞையோடு மோதாமல் இருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்தப் பழைய சமரசத்தின் பாரத்தை உலகம் இன்னும் சுமக்கிறது. ஒரு மணி நேரம் ஐம்பத்தைந்து நிமிடமாகச் சுருங்கி, குரலும் கீச்சென்று ஒலிக்கிறதா? 44,100 மாதிரியில் பதிவான ஒலியை 48,000 என்று படிக்கிறது உங்கள் மென்பொருள். இசைத்தட்டுக்கு 44,100, காணொலிக்கு 48,000. பதிவுக் கருவியை முதலிலேயே 48,000இல் வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்க்க வேண்டும். "30 ஃபிரேம் கைப்பேசிக் காணொலியை 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டதால்தான் குரல் விலகியது" என்று பலர் சொல்கிறார்கள். மென்பொருள் சரியாக வேலை செய்தால் அப்படி விலகாது. வினாடிக்கு ஐந்து ஃபிரேம் கழிந்துவிடும், அவ்வளவுதான். மாப்பிள்ளை ஊர்வலத்தைக் கேமரா பின்தொடரும்போது படம் குதித்துக் குதித்துப் போகும். கண்ணுக்கு வேதனை, குரலுக்கு ஒன்றுமில்லை.

25 எங்கிருந்து வந்தது? நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1963 டிசம்பர் 28இல் இங்கே தொலைக்காட்சி தொடங்கியபோதும், 1978இல் வண்ணம் வந்தபோதும் அதற்கேற்ற 25தான். அந்த ஒளிபரப்பு முறை 2019இல் நின்றுவிட்டது. ஆனால் மின்சாரம் மாறவில்லை. மண்டபத்துக் குழல் விளக்கு இன்றும் வினாடிக்கு 100 முறை மின்னுகிறது. ஆகவே ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கில் வையுங்கள். 60இல் ஒரு பங்கில் வைத்தால் மணப்பெண் முகத்தில் கறுப்புப் பட்டைகள் ஊரும். 30 ஃபிரேமில் எடுத்தாலும் ஷட்டர் விதி இதுதான்.

தாவும் விலகல்

ஐந்தாம் நிமிடத்தில் சரி, எட்டாம் நிமிடத்தில் விலகல், பன்னிரண்டில் மறுபடி வேறு அளவு. பெரும்பாலும் கைப்பேசிதான் காரணம்.

கைப்பேசி 30 என்று சொல்லும். ஆனால் வெளிச்சம் குறைந்தாலோ உடம்பு சூடானாலோ சில ஃபிரேம்களைக் கைவிட்டுவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் எந்த நேரத்துக்கு உரியது என்று கோப்பில் குறித்து வைத்திருப்பதால், கைப்பேசியிலேயே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் ஓடும். எடிட்டிங் மென்பொருள் அந்தக் குறிப்பைச் சரியாகப் படிக்காமல், ஃபிரேம்களைச் சம இடைவெளியில் அடுக்கும்போதுதான் குரல் தனியாகப் போகிறது.

சோதிப்பது எளிது. மீடியா இன்ஃபோ என்ற இலவசச் செயலியில் கோப்பைத் திறந்து, ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' என்று இருந்தால் அந்தக் கோப்பை நேராக டைம்லைனில் போடாதீர்கள். ஹேண்ட்பிரேக்கில் திறந்து, 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 30 என்று எண்ணையும் குறித்து மாற்றி எடுங்கள். பிறகு எடிட் செய்யுங்கள்.

அடுத்த முறை இது வராமல் இருக்க, ஐபோனில் கேமரா அமைப்புக்குப் போய் 'ஆட்டோ எஃப்.பி.எஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். அதே இடத்தில் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் 25 ஃபிரேம் கிடைக்கும். கேமராவும் கைப்பேசியும் ஒரே எண்ணில் நின்றால் எவ்வளவோ தலைவலி குறையும்.

பெரட்டும் கோடெக்கும்

சில நேரம் விலகலே இருக்காது. கணினி மூச்சு வாங்குவதை விலகல் என்று நினைத்துவிடுவோம். இதற்குக் கோடெக் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விடியற்காலைப் பெரட்டு தெரியும். முதல் நாள் எல்லாருடைய பெயரையும் முழுவதுமாக எழுதுகிறார் கங்காணி என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் முதல் "நேற்றுப் போலத்தான்; முனியம்மா வரவில்லை, ராமன் புதிதாக வந்தான்" என்று மாற்றத்தை மட்டும் எழுதுகிறார். ஏடு மிச்சம். ஆனால் இருபதாம் நாள் வேலைக்கு வந்தது யார் என்று கேட்டால், முதல் நாள் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக் கழித்து வர வேண்டும்.

2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 இரண்டும் இப்படித்தான் எழுதுகின்றன. ஒரு முழுப் படம், அதன் பின் மாற்றங்கள் மட்டும். எடுப்பதற்கும் அனுப்புவதற்கும் சிக்கனம். எடிட் செய்யும்போது நீங்கள் டைம்லைனில் எங்கே கை வைத்தாலும் கணினி பின்னால் ஓடிப் போய்க் கூட்டி வர வேண்டும். 2017 முதல் ஐபோன்கள் எச்.265இல் எடுப்பதால் பழைய மடிக்கணினிகள் திணறுகின்றன. படம் தடுமாறும், குரல் தடையில்லாமல் ஓடும், நமக்கு விலகல் போலத் தெரியும்.

சந்தேகம் வந்தால் சந்தேகமான பகுதியில் ஒரு நிமிடத்தை மட்டும் ஏற்றுமதி செய்து பாருங்கள். அதில் சரியாக இருந்தால் டைம்லைனில் எதையும் தொடாதீர்கள். புராக்ஸி என்ற சிறிய நகல்களை உருவாக்கி வேலை செய்யுங்கள். வட்டில் இடம் இருந்தால் புரோரெஸ் 422 போல ஒவ்வொரு ஃபிரேமையும் முழுமையாக எழுதும் கோடெக்குக்கு மாற்றலாம். ஆனால் முழு எச்.டி. 25 ஃபிரேமுக்கு மணிக்குச் சுமார் 55 கிகாபைட் தின்னும்.

திரும்ப எடுக்க முடியாத படம்

இதுவரை சொன்னதெல்லாம் இந்த வாரம் எடுத்த படம். கெட்டுப்போனால் வருத்தம், ஆனால் மணமக்கள் இருக்கிறார்கள், ஊரும் இருக்கிறது. எனக்கு வரும் இன்னொரு வகை வேலையில் அப்படிச் சொல்ல முடியாது. அது பழைய வீடியோ கேசட்.

நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில, வீடமைப்பாக மாறின. லயன் வீடுகளை இடித்தார்கள்; மக்கள் தாமான்களுக்குக் குடிபோனார்கள். லயத்து வாசலும், ஆயக்கொட்டகையும், ஆலமரத்தடிக் கோயிலும் அசையும் படமாக இருப்பது பல குடும்பங்களில் ஒரே ஒரு கல்யாணக் கேசட்டில்தான்.

ஜெலுபு வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த அக்கா ஒருவர் அப்படி ஒரு கேசட்டோடு வந்தார். ஏற்கெனவே வேறு ஒரு கடையில் அதைக் கணினிக் கோப்பாக மாற்றியிருந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி படம் முழுக்கச் சினிமாப் பாட்டு. நேரடிக் குரல் வருவது கடைசியில் இரண்டு நிமிடம் மட்டுமே. அவருடைய அப்பா மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்துகிறார். அந்த இடத்தில் உதடு நான்கு வினாடி முந்திப் போகிறது. அப்பா பேசி முடித்து மைக்கைக் கொடுத்துவிட்டார். குரல் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

"கலரு, அழகு எதுவும் வேணாம் தம்பி. அப்பா வாய் திறக்கிறப்ப அப்பா குரல் வரணும். அது போதும்" என்றார்.

மொழிமாற்றுப் படங்களில் உதடு ஒட்டாததை நாம் பொருட்படுத்துவதில்லை. ஏ.வி. மெய்யப்பன் 1944இல் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேச வைத்த காலத்திலிருந்தே நம் கண் பழகிவிட்டது. ஆனால் பெற்றவர் முகத்தில் அதைத் தாங்க முடியவில்லை.

கோப்பைப் பார்த்தேன். இருபது நிமிடம் வரை சரி. பிறகு ஒரு வினாடி தாவல், நாற்பதில் இன்னொன்று, அப்புறம் மேலும் சில. தாவும் நோய்தான். ஆனால் இங்கே காரணம் வேறு. கேசட் நாடா கசங்கிய இடங்களில் படச் சமிக்ஞை தடுமாறும். மலிவான யு.எஸ்.பி. பதிவுக் கருவி அந்த ஃபிரேம்களைக் கைவிட்டுவிடும். ஒலி மட்டும் வேறு வழியில் விடாமல் பதிவாகிக்கொண்டே இருக்கும். 25 ஃபிரேம் போனால் படத்தில் ஒரு வினாடி குறைந்தது. 100 ஃபிரேம் போனால் நான்கு வினாடி. படம் குட்டையாகிவிட்டதால் உதடு முந்துகிறது.

இதை டைம்லைனில் ஒட்டுப்போடலாம். ஆனால் போன ஃபிரேம் போனதுதான். அசல் கேசட் கையில் இருக்கும்போது மறுபடி பதிவு செய்வதே முறை. டைம் பேஸ் கரெக்டர் உள்ளே இருக்கும் நல்ல வி.எச்.எஸ். கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. தடுமாறும் சமிக்ஞையை அது நேராக்கிக் கொடுக்கும். கேசட்டை ஒருமுறை முழுவதும் முன்னோட்டி, பின்னோட்டி, பதிவை 'பால்' முறையில் வைத்து, இருபது இருபது நிமிடமாக எடுத்தேன். ஒரு துண்டில் பிழை வந்தால் அந்தத் துண்டோடு நின்றுவிடும் என்பதற்காக. வாழ்த்துக்குச் சற்று முன்னால் ஒரு தவில் அடி இருந்தது. அதை வைத்துப் பொருத்திப் பார்த்தேன். ஒரு ஃபிரேம்கூட விலகவில்லை.

அக்கா வந்து பார்த்தார். இரண்டு நிமிடம். மறுபடி போடச் சொன்னார். பிறகு தன் பேரனைத் தொலைபேசியில் அழைத்து, "பூட்டனாரு பேசுறாரு, கேளு" என்று போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார்.

வீட்டில் கேசட் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. வி.எச்.எஸ். கருவி செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. யுனெஸ்கோ 2019இல் தொடங்கிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம், 2025வாக்கில் இவற்றை ஓட்டுவதே அரிதாகிவிடலாம் என்று சொன்னது. அந்த ஆண்டு வந்தேவிட்டது. நம் ஊர் ஈரத்தில் நாடாவின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படியும். அப்படித் தெரிந்தால் கருவியில் போடாதீர்கள். கருவியும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாற்றித் தருபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பால் முறையில், 25 ஃபிரேமில் பதிவு செய்கிறீர்களா? எத்தனை ஃபிரேம் விடுபட்டது என்று உங்கள் மென்பொருள் காட்டுகிறதா? சுருக்காத அசல் பதிவையும் தருவீர்களா? கோப்பை வாங்கியதும் முதல் நிமிடத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்குப் போய், யாராவது பேசும் இடத்தைப் பாருங்கள். அங்கே சரியென்றால் எல்லாம் சரி. அதன் பிறகும் கேசட்டை வீசிவிடாதீர்கள்.

இளம் எடிட்டர்களுக்கு, சுவரில் ஒட்டிக்கொள்ள ஒரு வரிசை: எல்லாக் கோப்பையும் மீடியா இன்ஃபோவில் பார். வேரியபிள் இருந்தால் மாற்று. பெரும்பாலான கோப்புகள் எந்த ஃபிரேம் வேகத்தில் இருக்கின்றனவோ அதிலேயே டைம்லைனைத் தொடங்கு. தொடங்கிய பின் மாற்றப் பார்க்காதே. ஒலி 48,000. மூன்று இடத்தில் விலகலை அளந்து எழுது. பிறகு கத்தரிக்கோலை எடு.

அடுத்த வாரம்: மண்டபத்தில் எதிரொலி. தாலி கட்டும் நேரத்தில் மைக்கை எங்கே வைப்பது?